குதிரையைத் தேய்த்த கை ஏறக் கூடாதா?

மாமல்லபுரம் கடற்கரையில் மாலை நேரம் சவாரிக் குதிரைகள் நிற்கும். கழுத்தில் மணி, நெற்றியில் கலர் குஞ்சம், முதுகில் ஜரிகை வைத்த துணி. சுற்றுலா வந்தவர்கள் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுப்பார்கள். கடிவாளத்தைப் பிடித்தபடி மணலில் கூடவே நடக்கிற ஆள் அந்தப் படத்தில் முழுசாக விழுவதே இல்லை. தோளோ கையோ மட்டும் தெரியும். காலையில் எழுந்து அந்தக் குதிரையைக் குளிப்பாட்டி, தேய்த்து, குஞ்சம் கட்டியவர் அவர்தான்.

இந்தக் கரைக்கும் குதிரைக்கும் பழைய உறவு உண்டு. நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தில் வெள்ளைப் பிடரி கொண்ட குதிரைகளை நாவாய்கள் கொண்டுவந்து இறக்கியதைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. அந்தத் துறைமுகம் இன்றைய மாமல்லபுரம்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அரசனின் குதிரை, தளபதியின் குதிரை என்று வரலாறு நிறைய எழுதிவிட்டது. குதிரையைத் துலக்கியவர் யார், ஏறியவர் யார், ஏறக் கூடாது என்று தடுக்கப்பட்டவர் யார் என்ற மூன்று கேள்விகளை அது சேர்த்துக் கேட்டதில்லை. நாம் கேட்போம்.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் குதிரையேற்றப் பள்ளிகள் வந்துவிட்டன. அங்கே பேசப்படும் குதிரைக் காட்சிப் போட்டி பிரிட்டனில் வளர்ந்தது. அதில் வேகத்துக்குப் பரிசு இல்லை. குதிரையும் ஏறியவரும் எவ்வளவு ஒழுங்காகத் தயாராகி வந்திருக்கிறார்கள், குதிரையின் உடற்கட்டு எப்படி, நடை எப்படி, சொன்னபடி கேட்கிறதா என்பதைத்தான் நடுவர் பார்ப்பார்.

அந்தத் தயாரிப்புக்கு விதிகள் உண்டு. ஏறுபவருக்கு உடம்போடு பொருந்திய கோட்டு, சட்டையும் டையும், வெளிர் நிறக் கால்சட்டை, முழங்கால் வரை பளபளக்கும் பூட்ஸ், கையுறை, குட்டையான பிரம்பு, தலைக்குப் பாதுகாப்பான தொப்பி. முடி தொங்கக் கூடாது, மினுக்கும் நகை கூடாது. குதிரைக்கு அதன் வகையைப் பொறுத்து விதி மாறும். வேட்டைக் குதிரை என்றால் பிடரிமயிரைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னி, மயிரின் நிறத்திலேயே நூல் கொண்டு தைத்து முடிய வேண்டும். கடிவாளத் தோல் அகலமாக, அலங்காரம் இல்லாமல் இருக்க வேண்டும். மெல்லிய நேர்த்தியான சவாரிக் குதிரைக்கு நெற்றிப் பட்டை கலர் வெல்வெட்டில் இருக்கலாம். கட்டையான உடம்புள்ள காப் வகைக் குதிரைக்குப் பிடரியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். பிரிட்டனின் நாட்டு மட்டக்குதிரைகளுக்கும் அரேபியக் குதிரைகளுக்கும் பின்னலே கிடையாது. பிடரி இயல்பாகத் தொங்க வேண்டும். எந்த வகையானாலும் குளம்பு சுத்தமாக, எண்ணெய் தடவி இருக்க வேண்டும். சேணம், வார், அங்கவடி எதிலும் அழுக்கு இருக்கக் கூடாது.

“இது பணக்காரர் விளையாட்டு, இதில் நமக்கு என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் பட்டியலை வேலைப் பட்டியலாக மாற்றிப் படியுங்கள். மயிரைப் பின்னுவது, மேலைத் தேய்ப்பது, குளம்பைச் சுரண்டிக் கழுவுவது, தோலுக்கு எண்ணெய் போட்டு மெருகேற்றுவது, லாயத்தில் சாணி அள்ளுவது. நடுவர் மதிப்பெண் போடும் அழகு பெரும்பாலும் லாயத்தில் விடியற்காலையில் நடந்த வேலை. உடற்கட்டைப் பார்ப்பதற்காகச் சேணத்தைக் கழற்றும்போது, பிரஷும் துணியும் எடுத்துக்கொண்டு ஓர் உதவியாள் களத்துக்குள் வருவார். வியர்வைத் தடத்தைத் துடைத்துவிட்டு வெளியே போய்விடுவார். அந்த ஆளைப் பற்றித்தான் நம் வரலாறு.

கம்பெனி ஆட்சிக் காலத்தில் வங்காளத்தில் அவரை சைஸ் என்றார்கள். சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர்கள் ஹார்ஸ்கீப்பர் என்றார்கள். நம் ஆட்கள் குதிரைக்காரர் என்றார்கள். சென்னைக் குதிரைப் படையில் குதிரையைப் பராமரிக்க ஓர் ஆளும் புல் அறுத்துவர ஓர் ஆளும் வைப்பது வழக்கமாக இருந்தது. சிப்பாய் ஏறினான், இவர்கள் பின்னால் நடந்தார்கள். சென்னையிலும் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வெள்ளைக்காரர் பங்களாக்களில் சமையல்காரர், பட்லர், குதிரைக்காரர் வேலைகளுக்குப் போனவர்களில் பறையர்கள் ஏராளம். மாட்டிறைச்சி சமைப்பது, சாணி அள்ளுவது, மிருகத்தின் வியர்வையைத் துடைப்பது எல்லாம் தீட்டு என்று மற்றவர்கள் ஒதுங்கிய இடத்தில் இவர்கள் வேலை கற்றுக்கொண்டார்கள்.

1777 முதல் குதிரைப் பந்தயம் நடந்ததாகச் சொல்லப்படும் கிண்டி அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. மாவட்டக் கலெக்டர் அலுவலகமே நெடுங்காலம் சைதாப்பேட்டையில் இயங்கியது. அதாவது துரைமார்களின் குதிரைகள் ஓடிய மண்ணும், சேரி மக்கள் குடியிருக்கும் மனைக்குக்கூட உரிமை இல்லாமல் மிராசுதாருக்கு அடிமைப்பட்டுக் கிடந்த மண்ணும் ஒரே கலெக்டரின் ஆளுகைக்குள் இருந்தன. அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர்தான் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. நாம் இன்றும் மீட்கப் போராடும் பஞ்சமி நிலத்தின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

தோலையும் மறந்துவிடக் கூடாது. சேணம், கடிவாளம், வார், பூட்ஸ், கையுறை எல்லாமே தோல். தோல் இல்லாமல் குதிரைமேல் மரியாதை இல்லை. குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயரே அங்கே வந்த குரோம் லெதர் கம்பெனியால் ஏற்பட்டது. தோல் பதனிடும் குழியில் கால் வைத்து நின்றவர்கள் யார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தோலைத் தொட்டவன் தீட்டு. அதே தோலில் செய்த சேணத்தில் உட்கார்ந்தவன் மேன்மக்கள்.

ஆக, தேய்த்ததும் தைத்ததும் பூட்டியதும் நாம். அடுத்தது, ஏறுவது. அங்கேதான் தடை வந்தது.

தமிழ்நாட்டில் குதிரை, குடை, பல்லக்கு, மேளம், கொடி இவையெல்லாம் சாதியின் அடையாளங்களாக எண்ணப்பட்டவை. யார் எந்தத் தெருவில் எதோடு ஊர்வலம் போகலாம் என்பதற்காக ரத்தம் சிந்தியிருக்கிறது. 1707இல் சென்னையில் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்குள் மூண்ட பெரும் தகராறும் கல்யாண ஊர்வலம் போகும் தெருவைப் பற்றியதுதான். ஊர்வலம் என்பது தெருவில் எழுதப்படும் பட்டா மாதிரி. நான் இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து போகிறேன் என்று ஊரே பார்க்க அறிவிப்பது. அதனால்தான் ஆதிக்கச் சாதிகள் அதன்மேல் கை வைத்தார்கள்.

இதற்கு மிகத் தெளிவான சான்று ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாக ஆயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கக் கூடாது என்பவையும் அதில் உண்டு. பதினொன்றாவது தடை குதிரை பற்றியது. தாலி கட்டுவதற்கு முன் குதிரைமேல் ஊர்வலம் போகும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பல்லக்குக்குப் பதிலாக வீட்டுக் கதவையே பயன்படுத்திக்கொள்ள வேண்டும். எந்தக் காரியத்துக்கும் வண்டி வாகனம் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், சாதி பற்றிய தன் புத்தகத்தில் இந்தத் தடைகளைப் பதிவு செய்திருக்கிறார்.

தோழர்களே, அந்தத் தடையின் வாசகத்தைக் கவனியுங்கள். வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்கிறது. அப்படியானால் வழக்கம் இருந்தது. நம் மாப்பிள்ளைகள் குதிரையேறி இருக்கிறார்கள். குதிரைமேல் போவது புதிதாகப் பேராசைப்பட்டுக் கேட்டது என்று யாராவது சொன்னால், தடை போட்டவர்களின் வாக்குமூலத்தையே எடுத்துக் காட்டுங்கள்.

இந்த எட்டுத் தடைகள் வந்த அதே 1930 டிசம்பரில் லண்டனில் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அண்ணல் அம்பேத்கரும் ரெட்டைமலை சீனிவாசனும் அங்கே இருந்தார்கள். சீனிவாசன் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர். நம் செங்கல்பட்டு மண்ணின் மைந்தர். 1893இல் ‘பறையன்’ என்று தன் சாதிப் பெயரையே தலைப்பாக வைத்துப் பத்திரிகை தொடங்கியவர். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது இடம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர். அவர் படத்தைப் பாருங்கள்: தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. ராமநாதபுரத்தில் கோட்டுப் போட்டால் குடிசை எரியும் என்று சொல்லப்பட்ட மாதத்தில், கோட்டுப் போட்ட ஒரு பறையர் லண்டனில் உட்கார்ந்து உரிமை பேசினார். அவர் உடையை ஆடம்பரம் என்று நினைத்தால் வரலாறு புரியாது.

சாதிக்கும் காட்சிப் போட்டிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே உடையைப் பார்க்கின்றன, குதிரையைப் பார்க்கின்றன, ஏறியவர் எப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கின்றன. வேற்றுமை எங்கே என்றால், போட்டியின் விதிகளைக் கற்றுக்கொள்ளலாம். பின்னல் தப்பாகப் போனால் பிரித்துப் பின்னலாம். சேணம் அழுக்கானால் துடைக்கலாம். அடுத்த வருடம் மறுபடி வரலாம். சாதியின் விதியில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. எவ்வளவு சுத்தமாக வந்தாலும் அது பிறப்பைத்தான் கேட்கும். சொல்லப்போனால் சுத்தமாக வந்ததுதான் அங்கே குற்றம்.

மதுரைவீரனை நினைத்துப் பாருங்கள். சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவராகக் கதை சொல்லப்படும் அந்த வீரன், மீசையும் அரிவாளுமாகக் குதிரைமேல் உட்கார்ந்து ஊர் ஊராகக் காவல் காக்கிறார். எல்லாச் சாதிக்காரர்களும் கும்பிடுகிறார்கள். செத்துத் தெய்வமானால் குதிரை தருவார்கள்; உயிரோடு மாப்பிள்ளையாக வந்தால் இறங்கு என்பார்கள்.

இது பழங்கதை இல்லை. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் 21 வயது தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். குதிரை வைத்திருந்ததும் அதில் ஏறிப் போனதும்தான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் ஒரு தலித் மாப்பிள்ளை, தாக்கூர்கள் குடியிருக்கும் பகுதி வழியாகக் கல்யாண ஊர்வலம் போக மாதக்கணக்கில் அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திலும் அலைந்தார். கடைசியில் போலீஸ் காவலோடுதான் ஊர்வலம் நடந்தது. நம் பக்கத்தில் குதிரைக்குப் பதில் பைக் இருக்கலாம், செருப்பு இருக்கலாம், கூலிங் கிளாஸ் இருக்கலாம். தடுக்கிற மனசு ஒன்றுதான்.

சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3(1)(இசட்ஏ) பிரிவைப் படியுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்போ புதுத் துணியோ அணிவதை, கல்யாண ஊர்வலம் போவதை, ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுத்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம். குதிரை என்ற சொல் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ராமநாதபுரத்தின் பதினொன்றாவது தடைக்கு நாடாளுமன்றம் சொன்ன பதிலாக அதை வாசிக்கலாம். எங்காவது ஊர்வலம் தடுக்கப்பட்டால், பொதுவான தகராறு என்று எழுதி முடிக்க விடாதீர்கள். இந்தப் பிரிவு முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம், சைதாப்பேட்டை, கிண்டிப் பக்கத்துப் பழைய சேரிகளில் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். தாத்தாவோ பூட்டனோ குதிரைக்காரராக இருந்தாரா? ஆயா புல் அறுத்துப் போட்டாரா? என்ன கூலி, எந்த லாயம், குதிரைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்தார்கள்? பதில்களை எழுதி வையுங்கள், ஒலிப்பதிவு செய்யுங்கள். வேட்டைக் குதிரையின் பின்னலும் சேணத்தின் மெருகும் ஆங்கிலப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அதைச் செய்த நம் ஆட்களின் பெயர் இல்லை.

பிரிட்டனில் பந்தயங்களின்போது நன்றாகத் தயார்செய்யப்பட்ட குதிரைக்கு ஒரு சிறு பரிசு தருகிறார்கள். அது உரிமையாளருக்குப் போகாது, லாயத்தில் அந்தக் குதிரையைப் பராமரித்தவருக்குப் போகும். இங்கேயும் அது வர வேண்டும். நம் பிள்ளைகள் லாய வேலைக்குப் போனால், அந்த வேலையின் நேர்த்திக்குரிய கூலியைக் கேட்க வேண்டும். குதிரையேற்றத்தையும் கற்றுத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அடுத்த முறை மாமல்லபுரம் போனால், கடிவாளம் பிடித்து நிற்பவரிடம் பேர் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்து அந்தக் குதிரையைத் தேய்த்தார் என்றும் கேளுங்கள்.