பல்லி இல்லாத ஊரில் பல்லிச் சத்தம்

இந்த எபிசோடை நீங்க நாய்ஸ் கேன்சலிங் இயர்போன்ல கேட்டுக்கிட்டிருந்தா, அதை ஒரு நொடி கழட்டிப் பாருங்க. கழட்டினா நான் பேசுறது கேட்காது, அதனால உடனே மாட்டிக்கோங்க. அந்தத் தொழில்நுட்பத்துக்கு வாங்கின பழைய காப்புரிமை ஒண்ணு இருக்கு. அதோட படத்துல காதும் கிடையாது, ஹெட்போனும் கிடையாது. ஒரு நீளமான குழாய்தான் இருக்கு. அந்தக் குழாய் கதைக்கு வர்றதுக்கு முன்னாடி என் வீட்டுக் குழாய் கதையைச் சொல்லியாகணும்.

சில வருஷம் நான் அமெரிக்காவுல மினியாபோலிஸ்ல இருந்தேன். நூறு வயசு தாண்டின மரவீட்டோட கீழ்த்தளம், வாடகைக்கு. ஒரு ஜனவரியில எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தாங்க. வெளியே மைனஸ் 25 டிகிரி. முதல் ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா என்னை எழுப்பி, "ஏன்டா, இந்த ஊர்லயும் பல்லி இருக்கா?"ன்னாங்க. சுவத்துக்குள்ள இருந்து டிக், டிக், டிக். அவங்க கட்டில் சட்டத்தைத் தட்டி "கிருஷ்ணா கிருஷ்ணா" சொல்லி முடிச்சாச்சு. அந்தக் குளிர்ல பல்லி எங்கம்மா இருக்கும்?

பல்லியோட நிக்கலை. கால் மணிக்கு ஒரு தடவை தரைக்கு அடியில 'டங்'னு ஒரு சத்தம், யாரோ அண்டாவைத் தட்டின மாதிரி. அப்புறம் ஹாலில் ஒரு மெல்லிய ஊளை. ஒவ்வொரு 'டங்'குக்கும் குழந்தை தூக்கிவாரிப் போட்டு அழும்.

இந்த ஏற்பாட்டைப் பார்க்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. மால்ல, தியேட்டர்ல கூரையை ஒட்டி வெள்ளித்தாள் சுத்தின சதுரக் குழாய் போகும் இல்லையா, அதுதான் டக்ட். நம்ம ஊர்ல அதுல குளிர்காற்று வரும். அங்கே வீடுகளில் சூடான காற்று வரும். அடித்தளத்தில் ஃபர்னஸ் என்ற அடுப்புப் பெட்டி. கேஸ் எரிந்து ஒரு இரும்பு அறையைச் சூடாக்கும். ஒரு ஃபேன் வீட்டுக் காற்றை அந்த அறையின் மேல் ஊதி, மெல்லிய தகட்டுக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் தள்ளும். தரையில் இருக்கும் ஜாலி வழியாகக் காற்று மேலே வரும். ஆறின காற்று வேறொரு பெரிய குழாய் வழியாகப் பெட்டிக்கே திரும்பும்.

மூன்றாம் ராத்திரி அம்மா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. எல்லா ஜாலி மேலயும் துண்டை மடிச்சுப் போட்டு, மேல சூட்கேஸைத் தூக்கி வெச்சுட்டாங்க. சத்தம் குறைஞ்சது. விடியக்காலையில வீடு ஐஸ் பெட்டி. காற்று போக வழியில்லாததால பெட்டி அளவுக்கு மீறிச் சூடேறி, பாதுகாப்பு ஸ்விட்ச் அடுப்பை அணைச்சிருக்கு. ஆறினதும் மறுபடி எரியும், மறுபடி அணையும். பல தடவை இப்படி நடந்ததும் அது தன்னையே பூட்டிக்கிச்சு. இருபது நாள் குழந்தையை நாலு போர்வைக்குள்ள வெச்சுக்கிட்டு அம்மா அழுதாங்க. என்னால அவங்களைக் கோவிச்சுக்க முடியலை. அந்தச் சத்தத்துல நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

வீட்டுக்காரருக்கு போன் போட்டுட்டு, கத்தியோட அடித்தளத்துக்கு இறங்கினேன். டக்ட் மூட்டுகள்ல வெள்ளையா ஒரு பட்டை ஒட்டியிருந்தது. பழசு, ஓரங்கள் பிரிஞ்சு தொங்குது. இதுதான் அதிர்ந்து சத்தம் போடுதுன்னு முடிவு பண்ணி, உரிக்கக் கையை வெச்சேன். அந்த நேரத்துல வீட்டுக்காரர் படியில இறங்கி வந்தார். எழுபது வயசு இருக்கும், சாதாரணமா குரலே உயர்த்தாத மனுஷன். "தொடாதே!"ன்னு கத்தினார்.

அது கல்நார், ஆஸ்பெஸ்டாஸ். நம்ம ஊர்ல கூரை ஷீட்டுன்னா தெரியும். அமெரிக்காவில் 1970கள் வரைக்கும் சூடான குழாய்களின் மூட்டுகளில் கல்நார்த் தாளையும் பட்டையையும் ஒட்டுவது வழக்கமான வேலை. நெருப்புப் பிடிக்காது, விலையும் மலிவு. அசையாமல் இருக்கிறவரை ஆபத்து குறைவு. உரித்தால், கிழித்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கும். நுரையீரலுக்குள் போனால் அதன் விளைவு பல பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும். நான் உரிக்கப் போனது வீடு முழுக்கக் காற்று ஊதும் குழாயின் மூட்டில். மேலே என் மகள். சோதனைக்கூடத்தில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் அந்த வயது வீட்டில் வெள்ளைப் பட்டையைக் கண்டால் கல்நார் என்றே நினைத்துக்கொள்ளணும். இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் இருந்தா போதும்னா, அது இதுதான்.

அன்னிக்கு அவர் பெட்டியை மறுபடி ஓட விட்டுட்டு, காபி குடிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னார். "நான் இந்த வீட்டில்தான் வளர்ந்தேன். சின்ன வயசில் இந்த வீடு சத்தமே போடாது."

அப்போ அடித்தளத்தில் இருந்தது வேற அடுப்பு. அந்த வகையை ஆக்டோபஸ் என்றே கூப்பிடுவார்கள். நடுவில் பெரிய உருண்டையான நிலக்கரி அடுப்பு. அதிலிருந்து ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனில் குழாய்கள் நாலா பக்கமும் சாய்வாக மேலே ஏறும். ஃபேன் கிடையாது. சூடான காற்று லேசானது, தானாக மேலே ஏறும். ஆறின காற்று கனமானது, தானாக இறங்கும். தள்ளிவிட யாரும் இல்லாததால் காற்று மெதுவாகத்தான் நகரும். மெதுவாக நகரும் காற்றைக் கொண்டு வீட்டைச் சூடாக்க அவ்வளவு பெரிய குழாய் தேவை. கரியும் சாம்பலும் அடித்தளம் முழுக்க. ஆனால் நிசப்தம். எவ்வளவு நிசப்தம் என்றால், படுக்கையறை ஜாலியில் காதை வைத்து அப்பா அம்மா சமையலறையில் பணத்துக்காகச் சண்டை போடுவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்பாராம்.

சூடான காற்றைத் தானாக ஏறவிட்டு வேலை வாங்குவது அதுக்கும் முந்தின யோசனை. அதைப் பெரிய அளவில் செய்துபார்த்த ஒரு இடம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம். 1834 அக்டோபர் 16 அன்று லண்டனில் அந்தக் கட்டிடம் எரிந்துபோனது. புதுக் கட்டிடத்தில் பேச்சும் தெளிவாகக் கேட்கணும், காற்றும் நன்றாக வரணும். ரெண்டையும் சேர்த்து விசாரிக்க அடுத்த வருஷமே ஒரு குழு போட்டார்கள். எடின்பரோவின் மருத்துவரும் வேதியியல் ஆசிரியருமான டேவிட் பாஸ்வெல் ரீட் தற்காலிக அவையை 1836இல் மாற்றி அமைத்தார். தரை முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். அதன் வழியே காற்று ஏறி, கூரை வழியே வெளியேறும். அதை இழுக்க வெளியே ஒரு உயரமான புகைபோக்கியும் அதன் அடியில் எரியும் நெருப்பும். உறுப்பினர்களில் ஒருவருக்குக் குளிரும், பக்கத்தில் இருப்பவருக்கு வியர்க்கும், காலடித் தூசியெல்லாம் மூக்குக்கு வரும். நம்ம ஆபீஸ் ஏசி சண்டைதான், கொஞ்சம் கௌரவமாக. புதுக் கட்டிடத்தில் கட்டிடக் கலைஞர் சார்லஸ் பேரியுடன் ரீட் வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்று, 1852இல் வெளியே அனுப்பப்பட்டார். ஆனா இதைக் கவனிங்க: காற்றையும் காதையும் ஒரே கேள்வியா வெச்சுத்தான் அங்கே ஆரம்பிச்சிருக்காங்க. பின்னால் வீடு கட்டினவர்கள் அதில் பாதியை மறந்துவிட்டார்கள்.

மறக்க வைத்தது ஃபேன். 19ஆம் நூற்றாண்டிலேயே தொழிற்சாலைகளிலும் பெரிய கட்டிடங்களிலும் நீராவி இயந்திரத்தில் ஓடும் ராட்சத ஃபேன்கள் இருந்தன. வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. சின்ன மின்மோட்டாரும் தெர்மோஸ்டாட்டும் மலிவான பிறகு, 1930களில் தொடங்கி ஃபேன் வீட்டு அடுப்புக்குள் நுழைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகள் மளமளவென எழுந்தபோது அதுவே பொதுவழக்கமானது. காற்றைத் தள்ள ஆள் வந்தாச்சு, அப்புறம் குழாய் எதுக்குப் பெரிசா இருக்கணும்? வீட்டுக்காரரின் அப்பா 1960களில் ஆக்டோபஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கூரையோடு ஒட்டிய தட்டையான குழாய்களைப் போட்டார். அடித்தளத்தில் நிமிர்ந்து நடக்க இடம் கிடைத்தது. பிங் பாங் மேசை வந்தது. கூடவே 'டங்'கும் வந்தது. நூறு வயசு வீடு, அதான் சத்தம் போடுதுன்னு நான் நினைச்சேன். சத்தம் போட்டது அந்த வீட்டோட புது பாகம்.

குழாய்ச் சத்தத்தை ஒழிக்க முயன்றவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் பால் லூக் என்ற ஜெர்மானியர். 1933இல் ஜெர்மனியில் விண்ணப்பித்து, 1936இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஆரம்பத்தில் சொன்ன படம் இவருடையதுதான். குழாய்க்குள் சத்தம் ஓடி வருகிறது. வழியில் ஒரு மைக் அதைப் பிடிக்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு ஒலிபெருக்கி அதே அலையைத் தலைகீழாகப் போடுகிறது. மேடு வரும் இடத்தில் பள்ளம், பள்ளம் வரும் இடத்தில் மேடு. ரெண்டும் சேர்ந்தால் அமைதி. ஏன் குழாய்? திறந்தவெளியில் சத்தம் எல்லா திசையிலும் பரவும். குறுகிய குழாயில் தாழ்ந்த சத்தம் ஒரே வழியில்தான் ஓடணும், எதிர் அலையைப் போட வசதி. ஆனால் அந்தக் காலத்து வால்வு எலக்ட்ரானிக்ஸுக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. 1978இல் அமர் போஸ் விமானத்தில் இரைச்சலால் பாட்டுக் கேட்க முடியாமல் காகிதத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். 1989இல் அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1980களில் டிஜிட்டல் சில்லுகள் வந்ததும் பெரிய கட்டிடங்களின் டக்ட்களிலும் லூக்கின் யோசனை வேலை செய்தது. வீட்டு டக்டுக்கு அவ்வளவு செலவு செய்ய ஆள் இல்லை. காதுக்குள்ள வந்துடுச்சு, எங்க வீட்டுத் தரைக்கடியில வரலை.

எங்க வீட்டுக்கு வந்தவர் ஒரு டெக்னீஷியன் பெண்மணி. அவர் கேட்ட முதல் கேள்வி: "டங் எப்போ வருது? தீ பத்தும்போதா, ஃபேன் ஓட ஆரம்பிக்கும்போதா?" தீ பத்தும்போது என்றால் கேஸ் சேர்ந்து தாமதமாகப் பற்றுகிறது என்று அர்த்தம், அது அபாயம், உடனே நிறுத்தணும். எங்களுடையது ஃபேனோடு வந்தது. காற்று திரும்பிவரும் பெரிய குழாயின் தட்டையான பக்கம் உள்ளே உறிஞ்சப்பட்டு மடங்குவதுதான் அது. முறுக்கு டின் மூடியை நடுவுல அழுத்தினா 'டப்'னு உள்ளே போய், விட்டா வெளியே வரும் பாருங்க, அதே விஷயம். தகட்டில் மூலைக்கு மூலை பெருக்கல் குறி மாதிரி ஒரு மடிப்புப் போட்டால் அது விறைப்பாகும். டக்ட் செய்கிறவர்களுக்கு இது பழகின கைவேலை. 1960களில் செய்தவர் எங்கள் குழாயில் அதை விட்டிருந்தார்.

அடுத்த கேள்வி ஃபில்டர். பச்சைக் குழந்தை, தூசி ஆகாது என்று கடையிலேயே விலை உயர்ந்த, நெருக்கமான ஃபில்டரை நான்தான் வாங்கி மாட்டியிருந்தேன். அவர் அழுத்தமானியை வைத்துப் பார்த்தார். பெட்டியில் அச்சிட்டிருந்த உச்ச அளவு 0.5 அங்குல நீரழுத்தம். எங்களுடையது 0.9. ஏற்கெனவே ஒடுங்கிய குழாயின் மூக்கை நான் வேற பொத்தியிருக்கேன். அதுக்கு மேல அம்மா துண்டு. ஊளைக்குக் காரணம் அதுதான். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அது எழுப்பும் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும்.

ரெண்டு நாள் வேலை. முதலில், உரிமம் உள்ள ஆட்கள் முகமூடியோடு வந்து வெள்ளைப் பட்டைகளை உரிக்காமல் மேலேயே பூசி மூடினார்கள். அந்த ரெண்டு நாளும் அம்மாவும் மனைவியும் குழந்தையும் நண்பர் வீட்டில். பிறகு ஹாலில் காற்று திரும்ப இன்னொரு பெரிய ஜாலி வெட்டினார். பட்டை இல்லாத பக்கத் தகட்டுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கோணம். நாலு அங்குல ஃபில்டருக்கு அகலமான கூடு. கடைசியில் ஃபேன் வேகத்தை ஒரு படி குறைத்து, சூடு வரம்புக்குள் இருக்கிறதா என்று அளந்தார். செலவு வீட்டுக்காரருடையது. 'டங்' போச்சு. ஊளை போச்சு.

டிக் டிக் மட்டும் முழுசாகப் போகவில்லை. 10 மீட்டர் இரும்புத் தகடு 30 டிகிரி சூடேறினால் மூணரை மில்லிமீட்டர் நீளும். நீளும்போது மரச்சட்டத்தில் உரசி, மாட்டி, விடுபடும். ஒவ்வொரு விடுபடலும் ஒரு டிக். எட்டின இடத்திலெல்லாம் அவர் கம்பளித் துண்டு சொருகினார். சுவருக்குள் ஏறும் குழாயை எட்ட முடியாது, சுவரை உடைக்கணும். வேண்டாம்னு விட்டுட்டோம்.

அம்மா ஏப்ரல்ல மதுரைக்குத் திரும்பினாங்க. அடுத்த குளிர்காலத்துல ஒரு நாள் வீடியோ கால், பாப்பாவுக்குப் பல்லு முளைச்சதைக் காட்டிக்கிட்டிருக்கோம். பின்னாடி சுவத்துல டிக், டிக். அம்மா பேச்சை நிறுத்தி, கையில இருந்த டம்ளரால மேசையை ரெண்டு தட்டுத் தட்டினாங்க. "எந்தப் பக்கம் சொல்லுச்சு? கிழக்கா, மேற்கா?"

நான் எழுந்து பார்த்துட்டு, "கிழக்கும்மா"ன்னேன்.