சோம்பு வாசனையும் ஒரு குட்டி வண்டும்

போன ஞாயிறு இங்கே புனேயில் மளிகைக் கடையில் பாமாயில் பாக்கெட் வாங்கினேன். எண்ணெய் என்னவோ ரேஷன் காலத்திலிருந்து பழக்கம்தான். அதன் பின்னால் இருக்கும் வண்டுக் கதை பலருக்கும் தெரியாது என்பதால் இந்தப் பதிவு.

செம்பனையின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-ல் நான்கே கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. மரம் வந்தது, அதன் பூவைத் தேடி வரும் பூச்சி வரவில்லை. மகரந்தத்தைக் காற்றே கொண்டு சேர்க்கும் என்று பல காலம் நம்பியதால் யாரும் அதைத் தேடவும் இல்லை.

மலேசியாவில் காய் சரியாகப் பிடிக்கவில்லை. தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்ப் பெண் பூங்கொத்தில் மகரந்தப் பொடி தூவினார்கள். அந்தத் தோட்டங்களில் நம் ஆட்கள் எவ்வளவு பேர் என்று சொல்லவும் வேண்டுமா!

யூனிலீவர் தோட்டங்களின் லெஸ்லி டேவிட்சன் முன்பு கேமரூனில் இருந்தவர். அங்கே பூக்களில் பூச்சி மொய்த்ததையும், யாரும் பொடி தூவாமலே காய் பிடித்ததையும் பார்த்திருந்தார். 1970-களின் பிற்பகுதியில் பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூன் போய் ஆராய்ந்தார். வேலையைச் செய்வது காற்றல்ல, சில மில்லிமீட்டரே நீளமுள்ள ஒரு கூன்வண்டு!

சூட்சுமம் வாசனையில் இருக்கிறது. ஆண் பூ விரியும்போது எஸ்ட்ராகோல் என்ற பொருள் ஆவியாகும், சோம்பு போல மணக்கும். வண்டுக்குச் சாப்பாடும் அங்கேதான், குஞ்சு பொரிப்பதும் அங்கேதான். பெண் பூவும் கொஞ்ச நேரம் அதே மணத்தை விடும். நம்பி வரும் வண்டுக்கு அங்கே ஒன்றும் கிடையாது. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிட்டு ஏமாந்து திரும்பும்.

மற்ற பயிர்களைத் தின்னாது என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூரின் குளுவாங் பகுதியில் வண்டுகளைத் திறந்துவிட்டார்கள். விறுவிறுவென்று பரவின. காய்ப்பு கூடியது, பொடி தூவும் வேலை ஒழிந்தது. 1985-ல் கேரளாவுக்கும் வந்து சேர்ந்தன.

முதலாளிக்கு அது மிச்சம். அந்த வேலையை நம்பியிருந்த வீட்டில் அதை என்னவென்று சொல்லியிருப்பார்கள்?

ஊர் விட்டு வந்த மரத்துக்கு, அதன் வாசனை தெரிந்த துணை வந்து சேர 133 வருஷம் ஆனது. வெளியூரில் குடியிருக்கும் நமக்கு இது புரியாதா என்ன?