வடம் முறுக்கிய கைகள்

சிதம்பரம் என்றதும் தேர் நினைவுக்கு வருகிறது. தேர் என்றதும் வடம் நினைவுக்கு வருகிறது. அந்த வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள முந்துவோர் ஆயிரம் ஆயிரம்! தொட்டால் புண்ணியம், இழுத்தால் மோட்சம் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். நகரும்போது நாலு வீதியைச் சுற்றி, நின்றால் மாதக்கணக்கில் நிற்கிற தேருக்கு அவ்வளவு பெருமை.

சிதம்பரத்துக்குக் கிழக்கே சில கல் தொலைவில் கடல் இருக்கிறது. வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை. வடக்கே கெடிலக் கரையில் கடலூர். அந்தக் கடலிலும் வடங்கள் இருந்தன. நாலு வீதி சுற்றிய வடங்கள் அல்ல அவை; நாடுகளைச் சுற்றிய வடங்கள்! பாய்மரத்தைத் தாங்கிய வடங்கள், புயலோடு போரிட்ட வடங்கள். அவற்றை முறுக்கியவன் பெயர் என்ன? பழுது பார்த்தவன் பெயர் என்ன? எந்தக் கல்வெட்டிலே இருக்கிறது?

1782-ஆம் ஆண்டுக்குப் போவோம். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நம் கடலை யார் ஆள்வது என்று நம்மைக் கேளாமலே சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம். ஐதர் அலி ஆங்கிலேயரை எதிர்த்து நிற்கிறார். அவருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் இறங்கி, ஏப்ரல் மாதத்தில் கடலூரைக் கைப்பற்றியது. பிரெஞ்சுக் கப்பற்படையின் தலைவர் சுஃப்ரேன். ஆங்கிலக் கப்பற்படைக்கு எட்வர்டு இயூசு. சூலை 6-ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கு அப்பால் இரு படைகளும் மோதின. பக்கத்துக்குப் பதினொரு கப்பல்கள். பாய்கள் கிழிந்தன, வடங்கள் அறுந்தன. பிரெஞ்சுக் கப்பல் ஒன்று தன் நடுப் பாய்மரத்தையே இழந்தது. வெற்றி இவருக்கா அவருக்கா என்று இன்றளவும் வரலாற்றாசிரியர் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். நாம் பார்க்கவேண்டியது அடுத்து நடந்ததை.

சுஃப்ரேன் நேரே கடலூருக்கு வந்தார். கடலூரிலே கப்பல் பழுதுபார்க்கும் துறை இருந்ததா? இல்லை. ஆழமான துறைமுகமாவது இருந்ததா? அதுவும் இல்லை. பெருங்கப்பல் கரையை நெருங்க முடியாது. திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கவேண்டும். ஒழுங்கான துறை வேண்டுமானால் ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள மொரீசியசுத் தீவுக்குப் போகவேண்டும். சுஃப்ரேன் போகவில்லை. சிறு கப்பல்களின் மரத்தையும் வடத்தையும் கழற்றிப் பெரிய கப்பல்களுக்குப் பொருத்தி, நின்ற இடத்திலேயே தேற்றினார். சூலை 26-இல் ஐதர் அலியைச் சந்தித்தார். ஆகஸ்டு 1-ஆம் நாள் பாய் விரித்துப் புறப்பட்டே விட்டார்! அந்த மாதம் முடிவதற்குள் திரிகோணமலைக் கோட்டை அவர் கையில் விழுந்தது. ஆங்கிலத் தளபதியோ சென்னையில் தம் கப்பல்களைச் சீர்செய்துகொண்டிருந்து ஆகஸ்டு 20-இல்தான் கிளம்பினார். போய்ச் சேர்ந்தபோது கோட்டையிலே பிரெஞ்சுக் கொடி பறந்தது. ஒரு கோட்டையின் தலைவிதியைத் தீர்த்தது பீரங்கியா? கயிறு! யார் விரைவில் வடம் கட்டினார்களோ அவர்களுக்கே திரிகோணமலை.

வடம் கட்டுவது என்றால் என்ன என்று நம்மில் பலருக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சுவையான செய்தி இது.

உயர்ந்த பாய்மரம் தன் வலிமையால் மட்டும் நிற்பதில்லை. இருபுறமும், முன்னும் பின்னும் இறங்குகிற தடித்த வடங்கள் இழுத்துப் பிடித்திருப்பதால் நிற்கிறது. ஒரு வடம் தளர்ந்தால் அதன் சுமை அடுத்த வடத்தின்மேல் ஏறும். அது அறுந்தால் மரமே முறியும். வெயில் வடத்தை உலர்த்தும். மழைநீர் புரிகளுக்கிடையே புகுந்து உள்ளிருந்தபடியே அழுகவைக்கும். கப்பியில் ஏறி இறங்குமிடமும் கழியில் உராயும் இடமும் நாளுக்கு நாள் தேயும். ஆகவே தேர்ந்த கலாசி மேற்பளபளப்பைக் கண்டு மயங்கமாட்டான். புரியைத் திருகித் திறந்து உள்ளே பார்ப்பான். நார் நிறம் மங்கி, விரலிலே தூளாக உதிர்ந்தால், வெட்டி எறிவான். நல்ல வடமாயிருந்தால் காப்புக் கட்டுவான்: புரிகளுக்கிடையேயுள்ள பள்ளத்தைச் சிறு கயிறு ஓட்டி நிரப்பி, தாரில் தோய்த்த துணிப்பட்டையை முறுக்கின் போக்கிலேயே சுற்றி, அதன்மேல் மெல்லிய கயிற்றை எதிர்ப்போக்கில் இறுக்கிச் சுற்றுவான். நீர் உள்ளே இறங்க வழியில்லை. அறுந்த வடத்தை இணைக்க முடிச்சுப் போடமாட்டான். முடிச்சு கப்பிக்குள் நுழையாது, வடத்தின் வலிமையையும் தின்றுவிடும். இரண்டு முனைகளின் புரிகளையும் பிரித்து, ஒன்றின் புரியை மற்றதன் புரிகளுக்கடியில் மாற்றி மாற்றிச் செருகிப் பின்னி, இரண்டையும் ஒன்றாக்குவான்.

மேலே பார்த்து நம்பாதே, திறந்து பார். முன்னோர் கட்டியது என்பதற்காக விட்டுவைக்காதே, இழுத்துச் சோதி. நாம் மேடையில் முழங்குகிற பகுத்தறிவை அவன் பாய்மரத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டே நடத்திக் காட்டியிருக்கிறான்!

கப்பலுக்கும் கரைக்கும் இடையே இன்னொரு வேலை இருந்தது. சோழமண்டலக் கரையின் அலையிலே ஐரோப்பியரின் ஆணியடித்த படகு மோதினால் நொறுங்கும். நம்மவர் படகுக்கு ஆணியே கிடையாது. பலகையைத் துளையிட்டுத் தென்னைநார்க் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் வளையும், உடையாது. தையல் தளர்ந்தால் பிரித்து மறுபடி தைக்கவேண்டும். அதற்கான கயிறு, தேங்காய் மட்டையை உப்பங்கழியில் பல திங்கள் ஊறவைத்து, அடித்து, நாரெடுத்து முறுக்கியது. கடலூரில் நின்ற கப்பல்களுக்கு நீரும் மரமும் இத்தகைய படகுகளிலேதான் போயிருக்கவேண்டும். ஓட்டியவர் யார்? போர் வரலாறுகளிலே தளபதியின் பெயர் இருக்கிறது, கப்பலின் பெயர் இருக்கிறது. படகோட்டியின் பெயர் இல்லை.

வெள்ளைக்காரன் எழுதாதது இருக்கட்டும். நம் வீட்டு எழுத்தாணிக்கு என்ன வந்தது?

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய தச்சனின் பெயர் கல்லிலே இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். மகிழ்ச்சி! 1025-இல் இராசேந்திரன் கடாரம் வென்ற கதையும் கல்லிலே இருக்கிறது. வென்ற ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அந்தக் கப்பல்களைக் கட்டிய தச்சன்? காணோம். கோயில் கட்டினால் பெயர் நிற்கும், கப்பல் கட்டினால் நிற்காது என்பது எந்த ஊர் நீதி?

ஆரியத்தின் நீதி அது. போதாயன தர்ம சூத்திரம், சாதியிலிருந்து விழச் செய்யும் பாவங்களை எண்ணத் தொடங்கி முதலாவதாக வைப்பது எதை? கொலையை அன்று, களவை அன்று, கடற்பயணத்தை! மனுவோ தம் மூன்றாம் அத்தியாயத்தில், கடலில் சென்றவனைச் சிராத்த விருந்துக்கு அழைக்காதே என்கிறார். ஏடும் எழுத்தும் யார் கையில் இருந்தனவோ, அவர்களுக்குக் கடல் தீட்டு. கடல் யார் கையில் இருந்ததோ, அவர்களுக்கு ஏடு தீட்டு. அறிவு நடுவிலே அறுந்துபோயிற்று. இரண்டு முனைகளையும் பின்னி இணைக்க எவரும் வரவில்லை.

‘கப்பல் சாத்திரம்’ என்றொரு நூல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அளவுகள் அதிலே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அளவோடு கூடவே நாளும் கோளும் குறியும் சகுனமும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. மரம் வெட்ட நல்ல நாள் பார்த்தவர்கள், வடத்தின் உள்ளழுகலைக் காண்பது எப்படி என்பதையும் அவ்வளவு அக்கறையோடு எழுதிவைத்திருந்தால் நாடு பிழைத்திருக்கும்.

பம்பாய்க்குப் போய்ப் பாருங்கள். 1736-இல் சூரத்திலிருந்து வந்த லௌசி நசர்வான்சி வாடியா என்ற பார்சித் தச்சரின் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டினார்கள். பார்சிக்கு உளியும் தீட்டன்று, எழுத்தும் தீட்டன்று. ஆகவே பெயர் நின்றது, கணக்கு நின்றது, கப்பலும் நின்றது. அவர்கள் 1817-இல் தேக்கால் கட்டிய கப்பல் ஒன்றை இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் நகரத்தார் 1990 முதல் பத்தாண்டுக்கு மேல் பழுதுபார்த்து, மரமும் வடமும் புதுக்கி, இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதன் பெயரைக் கேளுங்கள்: ‘திரிகோணமலை’!

தமிழனுக்குக் கைத்திறன் போதாது என்று எவராவது சொல்வாரா? ஈழத்து வல்வெட்டித்துறையிலே வேப்பமரத்தால் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற 89 அடிப் பாய்க்கப்பலைக் கேட்கட்டும். சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்த ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விரும்பி விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். கப்பலின் பெயர் மாறிற்று. வடம் பிடித்த கை மாறவில்லை. வல்வெட்டித்துறை மாலுமிகள் செங்கடலும் அட்லாண்டிக்கும் கடந்து 1938 ஆகஸ்டு 1-ஆம் நாள் அமெரிக்காவின் குளோசெசுட்டர் துறையில் அதைச் சேர்த்தார்கள். இங்கே இந்தி எதிர்ப்புப் போரில் நம் தோழர்கள் சிறை சென்றுகொண்டிருந்த அதே ஆண்டு! அந்த நெடும்பயணத்திலே தேய்ந்த வடத்தை மாற்றவும், கிழிந்த பாயைத் தைக்கவும் நடுக்கடலில் எந்தச் சாத்திரி உடனிருந்தார்?

பாயின் காலம் போயிற்று. நீராவி வந்தது, எந்திரம் வந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர்க் கரையிலே கட்டுமரத்தின் இடத்தையும் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகு பிடித்துக்கொண்டது. தென்னைநார் இருந்த இடத்தில் நைலான். நல்லதே, உயிருக்குக் காவல் எதுவோ அது வரட்டும். ‘கட்டுமரம்’ என்ற நம் சொல்லையோ, உலகெங்கும் செல்வர் ஓட்டும் இரட்டை உடல் உல்லாசப் படகுக்குப் பெயராக்கிக்கொண்டார்கள்.

மற்றச் சொற்கள் எங்கே? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டுங்கள். பாய் ஏற்றும் கயிறு ‘ஆஞ்சான்’. பாய் தொங்கும் குறுக்குக்கழி ‘பருமல்’. பாய்க்கயிறுகளில் ஒன்று ‘தாமான்’. பலகை இடுக்கை அடைக்கும் வேலை ‘கலப்பற்று’. கப்பல் வழக்கு என்ற குறிப்போடு, பக்கத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. தேவனாம்பட்டினத்திலும் கிள்ளையிலும் பாய் விரித்த காலத்தைக் கண்ட முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும்.