சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி

சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரில் அமைந்துள்ள ஒரு பொதுச் சமுதாயக் கல்லூரி ஆகும். சிட்டி காலேஜ் ஆஃப் சான் பிரான்சிஸ்கோ என்பது இதன் ஆங்கிலப் பெயர். 1935 இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரி இரண்டாண்டுப் பட்டங்களையும், தொழிற்சான்றிதழ்களையும், கட்டணமில்லா முதியோர் கல்வியையும் வழங்கி வருகின்றது. 2012 முதல் 2017 வரை தன் அங்கீகாரத்தை இழக்கும் நிலையில் இருந்து மீண்டமையால் இது பரவலாக அறியப்பட்டது.

வரலாறு

1930களின் பொருளாதார மந்தநிலைக் காலத்தில், பல்கலைக்கழகம் செல்ல வசதியற்ற இளைஞருக்காக சான் பிரான்சிஸ்கோ இளநிலைக் கல்லூரி என்ற பெயரில் இது நிறுவப்பட்டது. ஆர்ச்சிபால்ட் கிளவுட் இதன் முதல் தலைவராவார். தொடக்கத்தில் சொந்தக் கட்டடம் இல்லாததால் நகரின் பல இடங்களில் வகுப்புகள் நடைபெற்றன. மாணவர் ஒரு வகுப்பிலிருந்து மற்றொன்றிற்கு டிராம் வண்டியில் சென்றமையால் இது 'டிராம் வண்டிக் கல்லூரி' என வேடிக்கையாக அழைக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் திமோத்தி ஃபுளூகர் வடிவமைத்த அறிவியல் கட்டடம் 1940 இல் திறக்கப்பட்டது. இது அமைந்துள்ள ஓஷன் வளாகமே இன்று முதன்மை வளாகம் ஆகும். 1948 இல் கல்லூரி தற்போதைய பெயரைப் பெற்றது.

1970 இல் கல்லூரி நகரப் பள்ளி நிர்வாகத்திலிருந்து பிரிந்து, தனிச் சமுதாயக் கல்லூரி மாவட்டத்தின் கீழ் வந்தது. நகரில் நடந்துவந்த முதியோர் கல்வி வகுப்புகளும் இம்மாவட்டத்துடன் இணைக்கப்பட்டன. 1984 வரை கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் மாநிலவாசிகளுக்குப் பாடக் கட்டணம் இருக்கவில்லை. அதன் பின் விதிக்கப்பட்ட கட்டணம் படிப்படியாக உயர்ந்து, 2012 இல் ஓர் அலகுக்கு 46 டாலர் ஆனது.

மாணவர்கள்

இக்கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு இல்லை. 18 வயது நிறைந்த எவரும் சேரலாம். மாணவரை இரு பெரும் பிரிவினராகக் காணலாம். பட்டத்திற்கோ, சான்றிதழுக்கோ, நான்காண்டுப் பல்கலைக்கழகத்திற்கு மாறிச் செல்வதற்கோ மதிப்பெண் அலகுகளுடன் படிப்போர் முதற் பிரிவினர். ஆங்கிலம், குடியுரிமைத் தேர்வுப் பயிற்சி, உயர்நிலைப் பள்ளிக்கு இணையான கல்வி, தொழிற்பயிற்சி ஆகியவற்றை அலகுகள் இன்றிக் கட்டணமில்லாமல் கற்போர் மற்றப் பிரிவினர். புதிய குடியேறிகளுக்கான ஆங்கில வகுப்புகள் கல்லூரியின் மிகப் பெரிய பணிகளுள் ஒன்று. சைனாடவுன், மிஷன் ஆகிய பகுதி வளாகங்கள் இவ்வகையில் முக்கியமானவை.

மாணவருள் ஆசிய மரபினர் நீண்ட காலமாகப் பெருந்தொகையினர். இலத்தீன் அமெரிக்க மரபினர், வெள்ளையர், பிலிப்பினோ, கறுப்பின மாணவரும் கணிசமாக உள்ளனர். பலர் வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்கள்.

அங்கீகார நெருக்கடி

2012 சூலையில் அங்கீகார ஆணையம், அங்கீகாரத்தை ஏன் நீக்கக் கூடாது என விளக்கம் கோரியது. நிதி மேலாண்மை, நிர்வாக அமைப்பு, தலைமை, கற்றல் விளைவுகளை அளவிடும் முறை ஆகியவற்றில் குறைகள் சுட்டப்பட்டன. அப்போது மாணவர் எண்ணிக்கை சுமார் 90,000 எனக் கூறப்பட்டது. அங்கீகாரம் இழந்தால் மாநில நிதியும், மாணவருக்கான கூட்டாட்சி உதவித்தொகையும் நின்றுவிடும். எனவே கல்லூரி மூடப்படும் நிலை எழுந்தது.

2012 நவம்பரில் நகர வாக்காளர்கள் கல்லூரிக்கெனத் தனி நிலவரியை மூன்றில் இரு பங்கிற்கும் மேற்பட்ட வாக்குகளால் ஏற்றனர். ஆயினும் 2013 சூலையில் ஆணையம், 2014 சூலை 31 முதல் அங்கீகாரத்தை நீக்குவதாக அறிவித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அறங்காவலர் குழுவின் அதிகாரம் மாநிலம் அமர்த்திய சிறப்பு அறங்காவலரிடம் சென்றது. நகர வழக்கறிஞர் டென்னிஸ் எரேரா ஆணையத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். 2014 சனவரியில் நீதிபதி கர்ட்டிஸ் கார்னோ அங்கீகார நீக்கத்திற்கு இடைக்காலத் தடை விதித்தார். மதிப்பீட்டுக் குழுவில் கல்வியாளர் போதிய அளவு இல்லாமை, புதிதாகச் சுட்டிய குறைகளுக்குப் பதிலளிக்க வாய்ப்பளிக்காமை முதலியவற்றில் ஆணையம் சட்டத்தை மீறியதாக 2015 இல் அவர் தீர்ப்பளித்தார். 2017 சனவரியில் ஆணையம் ஏழாண்டுகளுக்கு அங்கீகாரத்தை மீண்டும் உறுதி செய்தது. எனினும், இடைப்பட்ட ஆண்டுகளில் பல்லாயிரம் மாணவர் குறைந்தனர். மாநில நிதி மாணவர் எண்ணிக்கையைச் சார்ந்திருப்பதால், வழக்கில் வென்ற பின்னரும் நிதிச்சுமை நீங்கவில்லை. 2022 இல் முழுநேர ஆசிரியர் பலர் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

கட்டணமில்லாக் கல்வி

2016 நவம்பரில், 50 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட சொத்து விற்பனைகளின் மீதான வரியை உயர்த்த வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். இதைத் தொடர்ந்து, 2017 இலையுதிர் பருவம் முதல் நகரவாசிகளின் பாடக் கட்டணத்தை, வருமான வரம்பு இன்றி, நகரமே ஏற்கத் தொடங்கியது. முன்னரே கட்டண விலக்குப் பெற்ற ஏழை மாணவருக்கு நூல் முதலிய செலவுகளுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. 2019 இல் இத்திட்டத்திற்குப் பத்தாண்டு ஒப்பந்தம் செய்யப்பட்டது.

ரிவேராவின் சுவரோவியம்

மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1940 இல் நகரின் டிரெசர் தீவுக் கண்காட்சியில் வரைந்த 'பான் அமெரிக்க ஒற்றுமை' என்னும் சுவரோவியம் இக்கல்லூரிக்குச் சொந்தமானது. இது 22 அடி உயரமும் 74 அடி அகலமும் கொண்டது. இதற்கெனத் திட்டமிட்ட நூலகம் கட்டப்படாததால் ஓவியம் பல ஆண்டுகள் கிடங்கில் இருந்தது. 1961 இல் கல்லூரியின் நாடக அரங்கில் நிறுவப்பட்டது. 2021 இல் சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்திற்கு இரவலாக அனுப்பப்பட்டு, 2024 வரை அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டது.