மூன்று தட்டச்சர்களும் இரண்டெழுத்துக் கட்டளைகளும்

கணினிப் பொறியியல் மாணவர் ஒருவர் ஆபரேட்டிங் சிஸ்டம் ஆய்வகத்தில் முதன்முறையாக லினக்ஸ் திரைக்கு முன் உட்காரும்போது, அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். எல்எஸ், சிபி, எம்வி, ஆர்எம், கேட், டபிள்யூசி. 'கேட்' தவிர மற்றவற்றின் ஆங்கில எழுத்துகளில் உயிரெழுத்தே கிடையாது. 'சிபி' என்று அடித்து ஒரு கோப்பை நகலெடுத்தால், 'ஆயிற்று' என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அடுத்த வரியில் போய் நிற்கும் கணினி. கட்டளை வேலை செய்ததா இல்லையா என்று தெரியாமல் அந்த மாணவர் பக்கத்து இருக்கையை எட்டிப் பார்ப்பார். எந்தக் கட்டளை என்ன செய்யும் என்று பாடநூலில் எழுதியிருக்கும். அது ஏன் இப்படி இருக்கிறது என்பது பெரும்பாலும் இருக்காது. காரணம் தெரிந்துவிட்டால் இந்தச் சொற்கள் மனப்பாடப் பட்டியலாக இல்லாமல், ஒரு வீட்டின் பழைய பாத்திரங்களைப் போலப் பழகிப்போகும்.

அந்த வீடு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில் என்ற ஊரில் இருந்த பெல் ஆய்வகம். எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக் ஆகியவற்றுடன் சேர்ந்து 'மல்டிக்ஸ்' என்ற மாபெரும் இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்த ஆய்வகம், 1969இல் அந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அதில் உழைத்தவர்களிடம் எண்ணங்கள் நிறைய இருந்தன. இயந்திரம்தான் இல்லை. அவர்களில் ஒருவரான கென் தாம்சன், அதிகம் யாரும் தொடாமல் கிடந்த பிடிபி-7 கணினி ஒன்றைப் பிடித்தார். அந்தக் கோடையில் அவர் மனைவி கைக்குழந்தையுடன் கலிபோர்னியா சென்றிருந்த ஒரு மாதத்தில், கெர்னலுக்கு ஒரு வாரம், ஷெல்லுக்கு ஒரு வாரம், எடிட்டருக்கு ஒரு வாரம், அசெம்ப்ளருக்கு ஒரு வாரம் என்று எழுதி முடித்தார். யூனிக்ஸ் பிறந்தது அப்படித்தான்.

'ஷெல்' என்ற பெயர் அதற்கும் மூத்தது. எம்ஐடியில் பணியாற்றிய லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் 1960களின் நடுவில் மல்டிக்ஸுக்காக வைத்த பெயர் அது. நிலக்கடலை உரித்த யாருக்கும் இது எளிதில் விளங்கும். உள்ளே பருப்பு கெர்னல், அதைச் சுற்றியுள்ள ஓடு ஷெல். மனிதரின் கை படுவது, அதாவது கட்டளைகளை அடிப்பது, ஓட்டில்தான்.

அந்தக் கை தட்டியது இன்றைய மென்மையான விசைப்பலகையை அல்ல. அவர்கள் எதிரே இருந்தது டெலிடைப் மாடல் 33. திரை இல்லை. தட்டச்சுப் பொறி போன்ற ஒரு பெட்டி, அதில் ஒரு காகிதச் சுருள், அழுத்தி அடிக்க வேண்டிய விசைகள், காதைத் துளைக்கும் சத்தம். வேகம் விநாடிக்குப் பத்து எழுத்து. 2,400 எழுத்துள்ள ஒரு பக்கம் காகிதத்தில் அச்சாகி முடிய நான்கு நிமிடம் ஆகும். ஒவ்வோர் எழுத்துக்கும் விரலும் நேரமும் செலவாகும் இடத்தில் 'காப்பி' என்ற ஆங்கிலச் சொல் 'சிபி'யாகவும், 'மூவ்' 'எம்வி'யாகவும், 'ரிமூவ்' 'ஆர்எம்'மாகவும் சுருங்கியது இயல்பு. கணினியின் மௌனத்துக்கும் இதே இயந்திரம் ஒரு காரணம். வேலை சரியாக முடிந்தால் சொல்ல என்ன இருக்கிறது? பிழை நேர்ந்தால் மட்டும் பேசினால் போதும்.

காகிதத்தில் அடித்த எழுத்தை அழிக்க முடியாது. அதனால் தொடக்ககால யூனிக்ஸில் # குறி அடித்தால் அதற்கு முந்தைய எழுத்து ரத்து, @ அடித்தால் வரி முழுவதும் ரத்து. பிழையும் திருத்தமும் ஒன்றன்பின் ஒன்றாகக் காகிதத்திலேயே கிடக்கும்.

இந்தக் கட்டளைகளை நிரலாளர் அல்லாத யார் முதலில் கற்றார்கள் என்பதுதான் இந்த வரலாற்றின் மிக அழகான பகுதி. அதிகம் பேசப்படாத பகுதியும்கூட. தாம்சனுக்கும் அவருடன் பணியாற்றிய டென்னிஸ் ரிட்சிக்கும் அவர்களது தோழர்களுக்கும் ஒரு நல்ல கணினி தேவைப்பட்டது. இயங்குதளம் எழுத என்று கேட்டால் நிர்வாகம் பணம் தராது. ஆவணங்களைத் தொகுத்து அச்சிடும் ஏற்பாடு ஒன்றைச் செய்து தருகிறோம் என்று சொல்லி 1970இல் பிடிபி-11 ஒன்றை வாங்கினார்கள். வாக்கு கொடுத்தபடியே, ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவிலிருந்து மூன்று தட்டச்சர்கள் 1971இன் பிற்பாதியில் அந்தக் கணினியில் வேலைக்கு அமர்ந்தார்கள். காப்புரிமை விண்ணப்பங்களை அடிப்பது, திருத்துவது, 'ராஃப்' என்ற நிரலால் பக்கமாக்குவது: நாள் முழுதும் அதுதான் பணி.

அந்தக் கணினியின் நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 இயங்குதளத்துக்குப் போக, பயனருக்கு மிஞ்சியது 8. வட்டு 512 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அந்த வட்டில் அடங்காது. இதைவிடக் கவலையான விஷயம், ஒரு நிரல் இன்னொரு நிரலின் நினைவகத்தில் கைவைக்காமல் தடுக்கும் காப்பு எதுவும் அதில் கிடையாது. பக்கத்தில் யாராவது புதிய நிரலைச் சோதித்து அது தடம் புரண்டால், மொத்தக் கணினியும் நின்றுபோகும். தட்டச்சரின் வேலையும் அதோடு போகும். ஆகவே தட்டச்சர்கள் வேலை செய்யும்போது சோதனை செய்வதென்றால் ஆய்வாளர்களுக்கு மிகுந்த எச்சரிக்கை தேவைப்பட்டது. யூனிக்ஸ் தன் முதல் அன்றாடப் பயனர்களிடம் பிழைத்துக் காட்டியாக வேண்டியிருந்தது. பிழைத்துக் காட்டவும் செய்தது. கட்டளைவரி மேதைகளுக்கு மட்டுமே என்று நினைப்பவர்கள் இந்த மூவரை நினைவில் வைக்க வேண்டும்.

முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியுடன் வந்தது. எல்எஸ், சிபி, எம்வி, ஆர்எம், கேட், டபிள்யூசி எல்லாம் அதிலேயே இருக்கின்றன. அதில் மனம் கவரும் ஒன்று உண்டு: கட்டளை விளக்கங்களின் அடியில் 'குறைகள்' என்றொரு பத்தி. தங்கள் நிரலில் எது சரியில்லை என்று எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள். கற்க வருபவருக்குச் செய்யக்கூடிய மரியாதையில் இதைவிடப் பெரியது அரிது.

அடுத்த பாய்ச்சல் 1973இல். நிரல்களைத் தோட்டத்துக் குழாய்த் துண்டுகளைப் போல ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்று அதே ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964லேயே குறிப்பெழுதி, பல ஆண்டுகள் விடாமல் வற்புறுத்தி வந்தார். தாம்சன் ஒரே இரவில் அதை உட்புகுத்தினார். 'பைப்' எனப்படும் | குறி இன்றும் அந்த வேலையைத்தான் செய்கிறது: ஒரு கட்டளை தருவதை அடுத்த கட்டளை வாங்கிக்கொள்ளும். மௌனத்தின் இன்னொரு பயன் இங்கே புரிந்தது. 'ஆயிற்று, நன்றி' என்று ஒரு நிரல் உபசார வார்த்தை பேசினால், அதுவும் குழாய் வழியே போய் அடுத்த நிரலின் தரவோடு கலந்துவிடும்.

'கிரெப்' வந்ததும் அதே ஆண்டு. அமெரிக்க அரசியலமைப்புக்கு ஆதரவாகப் புனைபெயரில் எழுதப்பட்ட 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளில் எது யார் எழுதியது என்று நடையைக் கொண்டு கண்டுபிடிக்க முயன்றார் ஆய்வகத் தோழர் லீ மெக்மேகன். அவ்வளவு பெரிய உரையை 'ஈடி' எடிட்டரால் நினைவகத்தில் ஏற்ற முடியவில்லை. அந்த எடிட்டரில் வரிகளைத் தேடி அச்சிடும் கட்டளை ஜி/ஆர்இ/பி. தாம்சன் அதைத் தனி நிரலாக்கியபோது, அந்தக் கட்டளையின் எழுத்துகளே பெயராகிவிட்டன.

இவையெல்லாம் மர்ரே ஹில்லிலேயே தங்கிவிடாததற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. தொலைபேசித் துறைக்கு வெளியே தொழில் நடத்த, பெல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டிக்கு 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாடு தடை போட்டிருந்தது. அதனால் யூனிக்ஸ் மூலநிரலோடு பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த விலையில் போனது. 1980களில் அந்தக் கதவு சாத்தப்பட்டபோது, நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன், யூனிக்ஸை ஒத்த கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை 1983 செப்டம்பர் 27 அன்று அறிவித்தார். அத்திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய 'பேஷ்' ஷெல் 1989இல் வெளிவந்தது. யூனிக்ஸுக்காக ஸ்டீபன் போர்ன் எழுதிய பழைய ஷெல் மறுபிறவி எடுத்தது என்பதைச் சொல்லும் பெயர் அது. ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று பின்னர் லினக்ஸ் எனப் பெயர் பெற்ற தன் புதிய கெர்னலை அறிவித்தபோது, அதில் பேஷும் ஜிசிசி கம்பைலரும் ஏற்கெனவே ஓடுகின்றன என்றுதான் சொன்னார். பருப்பு புதிது. ஓடு பழையது.

இன்றைய மாணவர் தன் மடிக்கணினியில் 'டிடிஒய்' என்று அடித்தால், தான் எந்த முனையத்தில் இருக்கிறார் என்று லினக்ஸ் சொல்லும். அந்த மூன்றெழுத்து டெலிடைப்பின் சுருக்கம். உள்ளீடு முடிந்தது என்று சொல்ல அவர் அழுத்தும் கன்ட்ரோல்-டி, ஆஸ்கி குறிமுறையில் 'அனுப்புதல் முடிந்தது' என்பதற்கு ஒதுக்கப்பட்ட குறி. புதிய கோப்பை உண்டாக்க நிரல்கள் கெர்னலிடம் விடுக்கும் அழைப்புக்குப் பெயர் வைத்தபோது 'கிரியேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி 'ஈ'யைத் தாம்சன் விட்டுவிட்டார். யூனிக்ஸை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று பின்னாளில் கேட்டபோது, அந்த 'ஈ'யைச் சேர்த்துவிடுவேன் என்றார். லினக்ஸ் கெர்னலில் அந்தச் சொல் இன்றும் 'ஈ' இல்லாமலே இருக்கிறது.