மேக்ரோ லென்ஸ்

மேக்ரோ லென்ஸ்: பூச்சி, மகரந்தம், நாணயம் போன்ற சிறியவற்றை மிக அருகிலிருந்து படமெடுக்க உதவும் லென்ஸ். பொருளின் உண்மை அளவிலேயே பிம்பம் சென்சாரில் விழுவது 1:1 உருப்பெருக்கம். அதை எட்டுவதே முழுமையான மேக்ரோ லென்ஸ். பல ஜூம் லென்ஸ்களில் ‘மேக்ரோ’ என்று அச்சிட்டிருந்தாலும் அவை பெரும்பாலும் 1:3, 1:4 அளவோடு நின்றுவிடும். வாங்குவோர் பெயரை நம்பாமல் இந்த விகிதத்தையே பார்க்க வேண்டும். 35 மி.மீ. கேமராவுக்கான முன்னோடி மேக்ரோ லென்ஸ், 1955இல் வந்த கில்ஃபிட் மேக்ரோ-கிலார்.

தேர்வில் குவியத் தூரமே முக்கியம். 50–60 மி.மீ. லென்ஸ் 1:1இல் பொருளை ஏறக்குறைய முட்டிக்கொண்டு நிற்கும். அதன் நிழலே வெளிச்சத்தை மறைக்கும், தும்பியும் பறந்துவிடும். அசையாத அஞ்சல்தலைக்கு அது போதும். 90–105 மி.மீ. லென்ஸ் முன்விளிம்பிலிருந்து சுமார் 13 செ.மீ. இடைவெளி தரும், கையில் பிடித்து எடுக்கவும் தோதானது. முதல் மேக்ரோ லென்ஸாக இதையே பரிந்துரைக்கலாம். பட்டாம்பூச்சிக்கு 150–200 மி.மீ. இன்னும் நல்லது, ஆனால் எடையும் விலையும் கூடும்.

எதை வாங்கினாலும், முழுச்சட்டக சென்சாரில் 1:1இல் எஃப்/8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ.தான். அதனால் குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றிணைப்பது வழக்கம்.