காங்கேசன்துறை: கல்லும் குடியிருப்பும்

யாழ்ப்பாண நகரத்திலிருந்து நேர் வடக்கே 11 மைல் அளவில் போனால் வீதியும் தண்டவாளமும் கடலில் முட்டி நிற்கின்றன. அந்த இடந்தான் காங்கேசன்துறை. காங்கேயன் என்பது முருகனுக்கு ஒரு பெயர். மாவிட்டபுரம் கோயிலுக்கான முருகன் திருவுருவம் வந்திறங்கிய துறை என்பதால் இப்பெயர் வந்தது என்பது ஐதிகம். குதிரை முகம் நீங்கக் கீரிமலையில் நீராடிய இளவரசியின் கதையை மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையும் சொல்கிறது. கதை கதையாகவே இருக்கட்டும். அந்தக் கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுகிறதே, அதுதான் என் விடயத்துக்கு வேண்டியது.

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. மழைத்தண்ணீரைச் சுண்ணாம்புக்கல் உறிஞ்சி வைத்திருக்கிறது. உவர்நீருக்கு மேலே நன்னீர் மிதக்கிறது. நம் கிணறும் தோட்டமும் அந்தக் கல்லின் தயவு. அதே கல்தான் சீமெந்துக்கும் மூலப்பொருள். ஓர் ஊரின் அதிர்ஷ்டமும் அதன் ஆபத்தும் ஒரே கல்லில் இருந்தால் என்ன செய்வது?

1902இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905இல் பாதை கொழும்புடன் இணைந்தது. 1950இல் அரசாங்கச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியை ஆரம்பித்தது. அப்போது கைத்தொழில் அமைச்சர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரோ, பிரஜாவுரிமைப் பிரச்சினையில் அவரை விட்டு 1949இல் பிரிந்து தனிக்கட்சி கண்ட செல்வநாயகம். புகைபோக்கி எழுந்தபின் நடந்த 1952 தேர்தலில் செல்வநாயகம் தோற்றார். புகைபோக்கிக்கும் தோல்விக்கும் முடிச்சுப் போட எனக்கு மனமில்லை. ஆனால் அந்த நாளைய திண்ணைகளில் யாராவது போட்டிருப்பார்கள்.

நான் அந்த இடத்தை அறிந்தது எழுபதுகளில், பாடசாலை விடுமுறைகளில். என் மாமா ஆலையில் வேலை. மானிப்பாயிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் அவருடைய குவாட்டர்ஸில் இறங்குவேன். எங்கள் ஊரில் வீடு என்றால் வேலி, படலை, கிடுகு, பனைமரம். அங்கே ஒரே அச்சில் வார்த்த வீடுகள். எங்கள் ஊரில் ஒருவரைக் கண்டால் 'ஆற்றை பிள்ளை?' என்பார்கள். அங்கே கேட்கும் கேள்வி 'இண்டைக்கு என்ன ஷிப்ற்?' என்பதுதான். சூளை இரவு பகல் அணையாது. அதனால் எந்த நேரமும் யாரோ ஒருவர் தூங்குவார். பிள்ளைகள் மெதுவாகப் பேசப் பழகியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் சாதியையும் ஊரையும் கேளாமல் அடுத்த வீட்டுக்குச் சீனி கடன் கேட்டுப் போன சில இடங்களில் அதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். முற்றாகக் கேளாமல் விட்டார்கள் என்று சொல்லமாட்டேன். குறைவாகக் கேட்டார்கள்.

மாமா எனக்குச் சீமெந்தின் கதையைச் சொல்லித் தந்தார். வெட்டிய கல்லோடு, மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து வரும் களிமண்ணைச் சேர்த்து அரைப்பார்கள். படுத்துக்கொண்டு சுழலும் நீண்ட உலையில் ஏறக்குறைய 1450 பாகை வெப்பத்தில் சுடுவார்கள். உருண்டை உருண்டையாக வெளிவருவது கிளிங்கர். அதை ஜிப்சத்தோடு பொடியாக்கினால் சீமெந்து. தீவின் மறு நுனியில், காலியில் இருந்த ருகுணு ஆலைக்கும் இங்கிருந்தே கிளிங்கர் போனது. காலியில் ஒருவர் வீடு கட்டினால் அதில் நம் கீரிமலைப் பக்கத்துக் கல் இருக்கும் என்று மாமா பெருமையாகச் சொல்வார். கல் வெட்டிய பள்ளங்களைக் காட்டியபோது மட்டும் அவர் அதிகம் பேசவில்லை. நிலத்தை ஏற்றுமதி செய்தோம் என்று ஒருவர் சொன்னால் அதை நான் எளிதில் மறுக்கமாட்டேன்.

எண்பதுகளில் பக்கத்திலேயே லங்கா சீமெந்து ஆலையும் எழுந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதோடு தெற்கே நடந்தார்கள். சூளை அணைந்தது; பின்னர் மூட்டப்படவேயில்லை. ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. காணிகள் பல ஆண்டுகள் கழித்துத் துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டன. மாமா குடும்பம் கோண்டாவிலிலும் இணுவிலிலுமாக ஆறு வாடகை வீடுகள் மாறியது. புது வீட்டுக்குப் போனால் அவர் முதலில் அறைகளைப் பார்க்கமாட்டார். குந்தியிருந்து நிலத்தை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்து, 'இது எங்கட சீமெந்து' என்றோ, 'இல்லை' என்றோ சொல்லுவார்.

2015 ஜனவரியில் புகையிரதம் திரும்பவும் காங்கேசன்துறை வரை ஓடியது. அந்த மாதமே மாமாவைக் கூட்டிப்போனேன். புதிய நிலையம், புதிய மேடை. கடற்காற்று மட்டும் பழையது. அவர் கடலையும் பார்க்கவில்லை, ஆலைப் பக்கமும் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் குதிக்காலால் இரண்டு முறை தேய்த்தார்.

"இது எந்தச் சீமெந்து மருமகன்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை.